சத்தம் போடாத பெட்டி: கணினி கேபினெட் பெருத்த கதை

நம்ம ஊரில் அந்த இரும்புப் பெட்டிக்குப் பெயர் 'சிபியு'. "சிபியு சூடாகுது", "சிபியு மேல டிபன் பாக்ஸ் வைக்காதே", "சிபியுவைத் தூக்கிட்டுப் போய் கடையில காட்டு". உண்மையில் சிபியு என்பது உள்ளே தீப்பெட்டி அளவில் ஒளிந்திருக்கும் ஒரு சில்லு. பெட்டிக்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயர் கேபினெட். கணினி வாங்கும்போது ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எத்தனை ஜிபி என்று ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், கேபினெட் பற்றிக் கேட்டது ஒரே கேள்விதான்: "கறுப்பா, வெள்ளையா?"

ஆனால் அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சூட்டுக்கும் சத்தத்துக்கும் நடந்த சண்டையின் வரலாறு அது.

2000-களின் நடுப்பகுதிக்குப் போவோம். புதுச்சேரி உழவர்கரை. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், கதிர்காமம், எந்தத் தெருவாகவும் இருக்கலாம். வீட்டில் ஒரே ஹால். அதில்தான் டிவி, அதில்தான் கணினி, இரவானால் அதில்தான் பாய். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் புதிதாக வந்திருந்த காலம் அது. ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு டவுன்லோடு செய்தாலும் கணக்கில் வராது. ஆகவே வீட்டுப் பையன் ராத்திரி முழுக்க கணினியை ஓடவிடுவான். அதே ஹாலில் அப்பா, அம்மா, பாட்டி தூங்க வேண்டும். பெட்டிக்குள் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று 'உய்ய்ய்' என்று கத்திக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் அது கத்தியும் பிரயோஜனம் இல்லாமல் கணினி தானாகவே அணைந்துபோகும்.

அதற்கு நம் மக்கள் கண்டுபிடித்த தீர்வு எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டை எடுத்துவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பது. சிரிக்கத் தோன்றும். ஆனால் பெரிய கம்பெனிகள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட இதுவேதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பெரிய கணினிகள். 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். அது தின்ற மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோவாட். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதை வெளியே தள்ள தனியாகப் பெரிய ஊதுகருவிகள் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கணினிக்குப் 'பெட்டி' என்பது அது நிற்கும் அறைதான். நம் பக்கத்தில் 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஜெர்மனி உதவியுடன் ஐபிஎம் 370/155 வந்தபோதும் நிலைமை அதுவே. மனிதருக்கு ஏசி கிடைக்காத காலத்தில் இயந்திரத்துக்கு ஏசி அறை. நம் பள்ளி, கல்லூரி கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் பழக்கம் அந்த அறைகளின் மிச்சம்தான். (ஏதோ சாமி அறை மாதிரி என்று கிண்டல் செய்வோம். ஆனால் தூசு உள்ளே போகக் கூடாது என்ற காரணம் சரியான காரணம்.)

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது கணினி மேஜை மேல் ஏறியது. அதன் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். இன்றைக்கு ஒரு சீலிங் ஃபேனுக்கு ஆகும் செலவு. அந்த பவர் சப்ளைக்குள் இருந்த ஒரே ஃபேன் முழுப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்தது. ப்ராசஸருக்குத் தனியாக ஃபேன் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஃபேன் சத்தமே பிடிக்காதவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1980-ல் வந்த ஆப்பிள் 3-ல் ஃபேன் இல்லை; சூட்டில் உள்ளே சில்லுகள் இடம் பெயர்ந்துபோக, பெட்டியைக் கொஞ்சம் தூக்கி மேஜை மேல் 'டொப்' என்று போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னதாக ஒரு பிரபலமான கதை உண்டு. 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷிலும் ஃபேன் கிடையாது. சூடான காற்று தானாக மேலே எழும்பிப் போகட்டும் என்று விட்டார்கள். அமைதி கிடைத்தது. ஆயுள் கொஞ்சம் அடிபட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சூடு ஏறிக்கொண்டே போனது, பெட்டி மாறவில்லை. 1993-ல் முதல் பென்டியம் 15 வாட்டைத் தொட்டபோது அதன் தலையில் ஒரு குட்டி ஃபேன் ஏறியது. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மதர்போர்டு எங்கே, பவர் சப்ளை எங்கே, ஸ்குரூ ஓட்டை எங்கே என்று எல்லாவற்றையும் வகுத்த திட்டம். இன்றும் அதன் எலும்புக்கூட்டின் மேல்தான் பெரும்பாலான கேபினெட்டுகள் நிற்கின்றன. அதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் அவர்கள் போட்ட திட்டப்படி பவர் சப்ளையின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ப்ராசஸர் மேல் ஊத வேண்டும். அதாவது பவர் சப்ளை தன் சூட்டையும் சேர்த்து ப்ராசஸர் தலையில் கொட்டும். விரைவிலேயே அது சரிப்படாது என்று தெரிந்து ஃபேனைத் திருப்பி வெளியே ஊதும்படி வைத்தார்கள். தவறுகூட வரலாற்றில் இடம் பிடிக்கும் :)

2004 பிப்ரவரியில் வந்த 'பிரெஸ்காட்' பென்டியம் 4 ரகங்களில் வேகமானவை 100 வாட்டைத் தாண்டின. பத்து வருடத்தில் 15 வாட் 100 வாட்டாகிவிட்டது. அதே தகரப் பெட்டி, பின்னால் அதே 80 மில்லிமீட்டர் ஓட்டை. சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் கத்தும். ஹாலில் பாட்டியின் தூக்கம் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் நம் ஊர் கேபினெட் வியாபாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அசெம்பிள்டு கணினிதான் அன்று பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியானது. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ, அங்கிருந்து வாங்கி விற்கும் உள்ளூர்க் கடையிலிருந்தோ வரும். பட்ஜெட்டில் ஐநூறு ரூபாய் குறைக்க வேண்டுமென்றால் கை முதலில் போவது கேபினெட் மேல். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை கேபினெட்டோடு சேர்ந்தே வரும், ஏறக்குறைய இலவசம் மாதிரி. ஸ்டிக்கரில் 400 வாட், 450 வாட் என்று போட்டிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது. ஃபேன் வைக்கும் இடத்தில் ஓட்டையை முழுசாக வெட்டாமல், தகட்டிலேயே சின்னச் சின்னத் துளைகளாகக் குத்தி வைத்திருப்பார்கள். அப்படிக் குத்தினால் தனியாகக் கம்பி வலை வாங்க வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் பாதிக் காற்றை அந்தத் தகடே மறித்துவிடும். ஃபேன் ஊதுவது தகட்டில் மோதி வரும் சத்தம் வேறு.

செலவுக் கணக்குப் படித்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அந்தத் துளையில் மிச்சப்படுத்திய சில ரூபாயின் விலை ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பிப்போய் வரும்போது தெரியும். அந்தச் சமயத்தில் உலகம் முழுவதுமே தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் நிறைய புழங்கின என்பதும் உண்மை. ஆனால் அந்த வகைக் கெப்பாசிட்டருக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் ஒரு தோராய விதி உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. நம் ஊரில் அது வேகமாக உப்பியதில் ஆச்சரியம் இல்லை.

இன்டெல்லுக்கும் விஷயம் தெரிந்தேயிருந்தது. 2003 வாக்கில் கேபினெட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்தார்கள். பக்கவாட்டுத் தகட்டில் ப்ராசஸருக்கு நேராக ஓர் ஓட்டை போட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள்; வெளிக்காற்று நேராக ப்ராசஸர் ஃபேனுக்குப் போகட்டும் என்றார்கள். பழைய கேபினெட் யார் வீட்டிலாவது பரணில் இருந்தால் பாருங்கள், தகட்டின் உட்புறம் புனல் மாதிரி ஒன்று தொங்கும். 'இது எதுக்கு, எடுத்துடலாமா?' என்று பலர் கழற்றி வீசிய பொருள் அது.

அந்த வழிகாட்டியில் ஓர் எண் இருக்கிறது. அறை வெப்பம் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ப்ராசஸர் ஃபேனின் வாயில் காற்று 38 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இந்த 35-ஐ வகுத்தவர்கள் அதை மோசமான சூழ்நிலை என்று நினைத்து வகுத்தார்கள். அதைவிட மோசமாக எந்த அறை இருக்கப்போகிறது என்ற எண்ணம்!

மே மாதம் புதுச்சேரியில் பகல் உச்ச வெப்பம் சராசரியாகவே 36, 37 டிகிரி. கத்திரி வெயில் நாட்களில் கடல்காற்று தாமதமாக வந்தால் 40-ஐத் தொடும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஓட்டு வீடோ, மேல்தளம் இல்லாத கான்கிரீட் வீடோ என்றால் மத்தியானம் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரி பத்து மணி வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். அதாவது அவர்கள் மேல்வரம்பு என்று வைத்தது நமக்கு மே மாதத்தின் சாதாரண மத்தியானம்.

இதில் ஓர் அடிப்படை விஷயம் இருக்கிறது. எவ்வளவு நல்ல கேபினெட்டாக இருந்தாலும், எத்தனை ஃபேன் இருந்தாலும், உள்ளே இருக்கும் காற்றை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அறை 25 டிகிரி என்றால் பெட்டிக்குள் 35. அறை 38 என்றால் பெட்டிக்குள் 48. அந்த வித்தியாசத்தை மட்டும்தான் கேபினெட்டால் குறைக்க முடியும். வெளிநாட்டில் ஒருவர் "என் கணினி 55 டிகிரியில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது" என்று எழுதினால், அவர் அறையின் வெப்பத்தைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் பொறாமைப்பட வேண்டும்.

அந்த வித்தியாசத்தை எப்படிக் குறைப்பது, அதுவும் கத்தாமல்? இங்கேதான் பெரிய கேபினெட்டின் கதை ஆரம்பிக்கிறது.

2002-ல் கனடாவின் வான்கூவரில் மைக் சின் என்பவர் 'சைலன்ட் பிசி ரிவ்யூ' என்ற தளத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் எல்லாம் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, அவர் சத்தத்தை அளந்தார். 2003-ல் ஆன்டெக் கம்பெனி 'சொனாட்டா' என்ற கேபினெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னால் 80-க்குப் பதில் 120 மில்லிமீட்டர் ஃபேன். ஹார்டு டிஸ்க் அதிர்வு தகட்டில் ஏறாமலிருக்க ரப்பர் வளையம். 2005-ல் அதே ஆன்டெக், மைக் சின்னையே கூட வைத்துக்கொண்டு பி180 என்ற பெட்டியைச் செய்தது. பவர் சப்ளை மேலே இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தை மாற்றி அதைக் கீழே கொண்டுபோனார்கள். பெட்டியை இரண்டு அறையாகத் தடுத்து, பவர் சப்ளையின் காற்று வேறு, ப்ராசஸரின் காற்று வேறு என்று பிரித்தார்கள். பக்கவாட்டுத் தகடு மூன்று அடுக்கு. உயரமும் ஆழமும் அரை மீட்டர். காலிப் பெட்டியே சுமார் 14 கிலோ, அரிசி மூட்டை மாதிரி.

எதற்கு இவ்வளவு பெரிது? பெரிய பெட்டிக்குள் காற்று நிறைய இருக்கும், அதனால் சூடாக நேரமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 50 லிட்டர் காற்று கொள்ளும் பெட்டியில் 200 வாட் சூடு கிளம்புகிறது, காற்று வெளியே போக வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று நொடிக்கு 3 டிகிரிக்கு மேல் சூடேறும். பெட்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இன்னும் சில நொடி கிடைக்கும், அவ்வளவே. காற்றைத் தேக்கி வைப்பதில் லாபமே இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதே 200 வாட்டுக்கு, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரிதான் கூட இருக்க வேண்டும் என்றால், நொடிக்குச் சுமார் 17 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 5 டிகிரிதான் கூட இருக்க வேண்டும் என்றால் நொடிக்கு இரண்டு குடம்.

அந்தக் குடத்தை யார் சுமப்பது என்பதில்தான் சத்தத்தின் ரகசியம் இருக்கிறது. ஒரே மாதிரி வடிவமுள்ள இரண்டு ஃபேன்கள். ஒன்று 80 மில்லிமீட்டர், இன்னொன்று 120. விட்டம் ஒன்றரை மடங்குதான். ஆனால் ஒரு சுற்றில் தள்ளும் காற்று ஒன்றரையின் மூன்றடுக்கு, அதாவது 3.375 மடங்கு. சின்னது நிமிடத்துக்கு 2,700 சுற்றில் தள்ளும் காற்றைப் பெரியது வெறும் 800 சுற்றில் தள்ளிவிடும். ஃபேன் விதிகளின்படி பார்த்தால் சத்தம் சுமார் 14 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். போனஸாக, மின்சாரச் செலவு ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே பெட்டி பெரிதாக இருப்பதன் பலன் அதன் வாய் பெரிதாக இருப்பதுதான். 120, 140, 200 மில்லிமீட்டர் ஃபேன் வைக்க அகலமான முகம் வேண்டும். ப்ராசஸர் மேல் 16 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஹீட்சிங்க் நிற்க வேண்டும் என்றால் பெட்டி அதைவிட அகலமாக வேண்டும். டேபிள் ஃபேன் வைத்தியம் பலித்ததும் இதனால்தான். 400 மில்லிமீட்டர் இறக்கை! பாட்டிக்கு அந்தச் சத்தம் பழகிய சத்தம், தாலாட்டு மாதிரி.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இதே விதிகளின்படி, அந்த 800 சுற்று ஃபேனின் தள்ளும் அழுத்தம் சின்னதைப் போல ஐந்தில் ஒரு பங்குதான். மெதுவாக ஓடும் பெரிய ஃபேன் நோஞ்சான். திறந்த வழி இருந்தால் அள்ளிக் கொடுக்கும்; எதிரில் துளைத் தகடு, தூசு அடைத்த வலை, சுவரோடு ஒட்டிய முதுகு என்று எது வந்தாலும் நின்றுவிடும். ஒரு பெரிய கேபினெட்டை வாங்கி, நம் ஊர் 'கம்ப்யூட்டர் டேபிள்' கீழே உள்ள மூன்று பக்கமும் அடைத்த பலகை அறைக்குள் செருகினால், கொடுத்த காசு வீண். அந்த மேஜையைச் செய்தவர் கணினியைப் பீரோவில் வைக்கும் புடவை மாதிரி நினைத்திருக்கிறார்.

பெரிய வாய், மெதுவான காற்று, தடையில்லாத வழி. இந்த மூன்றையும் வைத்துப் புதுச்சேரியில் கணினிக்கு முன்பே ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பது மனிதர்கள்.

உழவர்கரையிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் பழைய நகரத்தில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி இருக்கிறது. 1930-களின் நடுவில் திட்டமிட்டு, 1937-ல் கட்டத் தொடங்கி, 1940-களின் முதல் பாதியில் முடித்த கட்டிடம். வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, ஜப்பானில் தொழில் செய்துகொண்டிருந்தவர். ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார்கள். ஹைதராபாத் நிஜாம் அரசின் சர் அக்பர் ஹைதரி வழியாகப் பணம் வந்ததால் கோல்கொண்டாவின் பெயர் வைத்தார்கள். தாழ்ப்பாள், கைப்பிடிகளுக்கு பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்களாம்.

அதற்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வடக்கு முகமும் தெற்கு முகமும் முழுக்க முழுக்கத் திருப்பக்கூடிய படுக்கைவாட்டுப் பலகைகள். சுவரே வாய். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று வரும். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள கதவுகளும் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள். மூடினாலும் காற்று நிற்காது. கூரை இரட்டை: தட்டையான தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று. மேலே விழும் வெயில் ஓட்டோடு நின்று, இடைவெளிக் காற்றோடு போய்விடும். இரண்டு பக்கத் தோட்டங்களைக்கூட வேறு வேறு விதமாக அமைத்தார்கள். மரம் அடர்ந்த பக்கம் குளிரும், திறந்த பக்கம் சூடாகும். அந்த வித்தியாசமே காற்றை இழுக்கும். ஏசி இல்லை, இரைச்சலும் இல்லை.

அங்கேயும் மே மாதத்தில் அறைக் காற்று வெளிக்காற்றைவிடப் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. கேபினெட்டுக்கு உள்ள எல்லை கட்டிடத்துக்கும் உண்டு. ஆனால் வெளியில் உள்ளதைவிட உள்ளே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. 1937-ல் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் புதுச்சேரியின் வெயிலை வைத்துப் போட்டார்கள். 35 டிகிரி என்று எங்கோ எழுதி வைத்த தாளை வைத்துப் போடவில்லை.

கணினி கம்பெனிகள் புதுச்சேரிக்குத் தெரியாத ஊர்க்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எச்சிஎல், விப்ரோ, ஏசர், ஐபிஎம் (2005-ல் அதன் பிசி தொழிலை லெனோவோ வாங்கியது) எல்லாமே இங்கே கணினி பூட்டும் ஆலை வைத்திருந்தவை. எச்சிஎல்லின் ஆலை சேதராப்பட்டில் இருந்தது. காரணம் வருமான வரிச் சட்டம். தொழிலில் பின்தங்கிய பகுதிகள் என்று சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருந்த பட்டியலில் பாண்டிச்சேரியும் ஒன்று. இங்கே ஆலை தொடங்கினால் முதல் 5 வருட லாபத்துக்கு முழு வரிவிலக்கு, அடுத்த 5 வருடம் ஒரு பகுதிக்கு விலக்கு. பிறகு 2003-ல் இமாச்சலுக்கும் உத்தராஞ்சலுக்கும் சலுகை அறிவித்ததும் புதிய ஆலைகள் அந்தப் பக்கம் போயின. எச்சிஎல் ருத்ரபூரில் தொடங்கியது, விப்ரோ கோட்துவாரில் தொடங்கியது. வரி விடுமுறைக்காக வந்தவர்கள் வேறு ஊரில் விடுமுறை விட்டால் அங்கேயும் போகத்தான் செய்வார்கள். ஆலை இங்கே இருந்தும் வடிவம் எங்கோ போட்டது என்பதால், கத்திரி வெயிலுக்கென்று ஒரு கேபினெட் இங்கிருந்து பிறக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

கேபினெட் கதைக்குத் திரும்புவோம். இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புது அளவுத் திட்டத்தை 2003-ல் அறிவித்தது. முன்னாலிருந்து பின்னால் வரை காற்று நேர்கோட்டில் ஓடும் நல்ல யோசனை. ஆனால் 2006-ல் வந்த கோர் 2 ப்ராசஸர்களில் பெரும்பாலானவை 65 வாட்டுக்கு இறங்கிவிட்டன. நோய் தணிந்ததும் மருந்தைத் தூக்கிப் போட்டார்கள். அதே வருடம் பிடிஎக்ஸ் கைவிடப்பட்டது. 2008-ல் கூலர் மாஸ்டர் 'ஹாஃப் 932' என்று ஒரு பூதத்தை இறக்கியது. 230 மில்லிமீட்டரில் மூன்று ஃபேன்கள். ஏறக்குறைய ஒரு டேபிள் ஃபேனைப் பெட்டிக்குள்ளேயே வைத்த மாதிரி. இந்தியாவில் கேம் ஆடுபவர்களிடம் அதற்குப் பெரிய மவுசு இருந்தது.

பிறகு ஐரோப்பாவிலிருந்து இன்னொரு ரகம் பிரபலமானது. முன்பக்கம் மூடிய கதவு, உள்ளே சத்தத்தை உறிஞ்சும் மெத்தை. ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் செய்த 'டிஃபைன்' வரிசை இதற்குப் பெயர் போனது. பார்க்க அழகு, அந்த ஊருக்குப் பொருத்தம். 20 டிகிரி அறையில் கொஞ்சம் காற்றை மறித்தாலும் கையில் 15 டிகிரி உபரி இருக்கிறது. நமக்கு அந்த உபரி இல்லை. இங்கே மறித்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் வேகமெடுக்கும், மெத்தை போட்டும் சத்தம் வெளியே வரும். 38 டிகிரி அறைக்கு ஸ்வெட்டர் போட்ட கேபினெட் எதற்கு? முன்பக்கம் முழுக்க வலை, அதற்குள் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு மூன்று மெதுவாக ஓடுவது, பின்னால் ஒன்று. புதுச்சேரிக்கு அதுவே அமைதியான கேபினெட்.

வலையின் விலை தூசு. உழவர்கரை மாதிரி எந்நேரமும் எங்காவது கட்டிட வேலை நடக்கும் ஊரில் முன்பக்க வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால், போன பத்தியில் சொன்ன நோஞ்சான் ஃபேனுக்கு மூச்சு முட்டிவிடும். கழற்ற ஸ்குரூ டிரைவர் தேவைப்படும் வடிகட்டியை யாரும் கழுவ மாட்டார்கள் என்பதால், வாங்கும்போதே கையால் இழுத்துப் பார்ப்பது நல்லது. முதுகுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி. தரையில் வைக்காமல் ஒரு முக்காலி. தூசு குறையும், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் தப்பிக்கும். கடற்கரைக்கு அருகில் என்றால் உப்புக் காற்று தகட்டின் வெட்டு விளிம்பிலிருந்து துருவைத் தொடங்கும், அதனால் விளிம்புவரை பெயின்ட் அடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். (விரல் கிழிந்தால் அந்தக் கேபினெட் வேண்டாம்.) பல்லி முட்டை பற்றி எந்த நாட்டு வழிகாட்டியிலும் எழுதவில்லை.

நடுவில் சில காலம் பெரிய கேபினெட் தேவையே இல்லை என்று தோன்றியது. லேப்டாப் வந்தது, ஹார்டு டிஸ்க் போய் சத்தமே இல்லாத எஸ்எஸ்டி வந்தது. ஆனால் சூடு வேறு வாசலில் நுழைந்தது. 2022-ல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றே 450 வாட். 2025-ன் 5090 கார்டு 575 வாட். பிரெஸ்காட் ஐந்தைச் சேர்த்துக் கட்டியது போல. வீடியோ எடிட்டிங், ஏஐ என்று அதை வீட்டில் வைப்பவர்களுக்கு மறுபடியும் அரிசி மூட்டை கேபினெட். நொடிக்கு ஒரு குடம் போதாது, மூன்று நான்கு குடம் வேண்டும். அந்தச் சூடெல்லாம் வேறெங்கும் போகாது, அதே ஹாலுக்குத்தான் வரும்.

2024 செப்டம்பரில் லெனோவோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்களும் 2,400 ஜிபியு சர்வர்களும் செய்யப்போவதாக. அடுக்கில் செருகும் சர்வர்களில் மிக ஒல்லியான ரகத்தின் உயரம் 44.45 மில்லிமீட்டர்தான். அந்தச் சந்தில் 40 மில்லிமீட்டர் ஃபேனுக்கு மேல் நுழையாது. பழைய 80-லும் பாதி. அதனால் அவை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்; பக்கத்தில் நின்று பேசினால் காதில் விழாது. பெரிய ரகங்களில் காற்றை விட்டுவிட்டு நேராகத் தண்ணீரையே உள்ளே ஓட்டுகிறார்கள். அவை போய் நிற்கப்போவது 1973-ல் ஐஐடியில் இருந்தது போன்ற ஏசி அறைகளில். பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.